மருந்துக்கடை ரொட்டி

இந்த ஊரில் எனக்கு ரொட்டி மருந்துக்கடையில்தான் கிடைக்கிறது. மாதத்தில் ஒரு நாள், வேலை முடிந்து வரும்போது டிராமிலிருந்து ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கி, பச்சைச் சிலுவை விளக்கு எரியும் அந்தக் கடைக்குள் போய் வரிசையில் நிற்பேன். எனக்கு முன்னால் ஒருவர் இருமல் மருந்து வாங்குவார், இன்னொருவர் ரத்த அழுத்த மாத்திரை வாங்குவார். என் முறை வந்ததும் சுகாதார அலுவலகம் கொடுத்த தாளை நீட்டுவேன். வெள்ளைக் கோட்டு அணிந்த மருந்தாளர் அதைப் படித்துவிட்டு உள்ளே போய், இரண்டு கை நிறையப் பொட்டலங்களோடு வருவார். வெட்டிய ரொட்டி இரண்டு, பாஸ்தா மூன்று, பிஸ்கட் ஒன்று, மாவு ஒன்று. ஒவ்வொன்றின் மேலும் ஒரு கோதுமைக் கதிரும் அதன் குறுக்கே ஒரு கோடும் அச்சிட்டிருக்கும். டிசம்பரில் இவற்றோடு ஒரு பெட்டியும் சேரும். அதற்குள் பனெத்தோனே, இந்த நாட்டுக் கிறிஸ்துமஸ் கேக். உலர்திராட்சையும் ஆரஞ்சுத் தோலும் போட்டு, கோபுரம் மாதிரி உப்பி எழுந்தது. என்னுடையது கோதுமை இல்லாமல் செய்தது என்பதால் மற்றவர்களுடையதில் பாதி உயரம்தான் இருக்கும். மருந்தாளர் அதன் ரிப்பனைச் சரிசெய்துகொண்டே, "பாவம், நல்ல ரொட்டியின் ருசி உங்களுக்கு ஞாபகம் வருமே" என்பார். நாங்கள் சோறு சாப்பிடுகிறவர்கள், ரொட்டி எங்களுக்கு நோயாளிச் சாப்பாடு என்று முதல் வருஷம் சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "நீங்களும் நோயாளிதானே, சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள்" என்றார். கேலி செய்யவில்லை, ஆறுதலாகத்தான் சொன்னார்.

இதைப் படிக்கும் யாங்கோன் தமிழர்களுக்கு நம் வீடுகளில் ரொட்டி எப்போது வரும் என்று தெரியும். டீக்கடையில் நாலு பேராக உட்கார்ந்து பாலில் தோய்த்துத் தின்பது வேறு. வீட்டுக்குள் ரொட்டி வந்தால் யாரோ படுத்திருக்கிறார்கள். மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில் ரயில் பாதைக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. ரொட்டிக்காரரின் சைக்கிள் ஒரு வாசலில் நின்றால் பக்கத்து வீட்டிலிருந்து யாராவது எட்டிப் பார்த்து, "யாருக்கு உடம்பு?" என்று கேட்பார்கள். சோறு வயிற்றுக்குப் பாரம், ரொட்டி லேசு. அதோடு ஒரு தம்ளர் பார்லி மால்ட் கரைத்துக் கொடுத்தால் நோயாளி இரண்டு நாளில் எழுந்துவிடுவார். மிஷன் பள்ளியில் படித்து ரயில்வேயில் எழுத்தராக இருந்த அப்பா இதை இங்கிலீஷ் வைத்தியம் என்று நம்பினார். அப்பா போன பிறகும் அம்மா அந்த நம்பிக்கையை விடவில்லை. எங்கள் வீட்டு வாசலில் அந்தச் சைக்கிள் வாரத்தில் மூன்று நாள் நின்றது. என் தங்கை பிலோமினாவுக்காக.

பிலோ என்னைவிட மூன்று வயது இளையவள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே எதையும் வரிசைப்படுத்தி எழுதிவைக்கும் பழக்கம் உண்டு. பிலோவின் நோயையும் ஒரு நோட்டில் எழுதியிருந்தேன். ஒன்று, வயிறு உப்பல். இரண்டு, அடிக்கடி பேதி. மூன்று, எடை ஏறுவதில்லை. நான்கு, நகம் வெளுப்பு. ஐந்து, யாரைப் பார்த்தாலும் எரிச்சல். அவள் இதைக் கண்டுபிடித்துப் படித்துவிட்டு ஐந்தாவதின் பக்கத்தில் பென்சிலால், "காரணம்: அக்கா" என்று எழுதிவைத்தாள். நான் பரிசோதனைக்கூடப் பயிற்சி முடித்து, நகரத்தில் ஒரு சின்ன லேபில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, அவள் ரத்தத்தை நானே பார்க்க ஆரம்பித்தேன். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. கண்ணாடித் தகட்டில் நோயாளியின் ரத்தத்தைத் தடவிச் சாயம் ஏற்றும்போது, சாயம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்கப் பக்கத்தில் ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தையும் தடவி வைப்போம். பெரும்பாலும் அந்த ஆரோக்கியமானவர் லேபில் வேலை செய்கிறவர்தான். விரலைக் குத்திக்கொண்டால் போதும். எத்தனையோ தடவை பிலோவின் ரத்தத்துக்குப் பக்கத்தில் என் ரத்தம் காய்ந்திருக்கிறது. அவளுடைய செல்கள் சின்னதாக, நடுவில் வெளிறி இருக்கும். என்னுடையவை நன்றாக இருக்கும். இப்படித்தான் இருக்க வேண்டும் என்று என்னைப் பார்த்து அவளை அளந்தேன்.

ஒரே ஒரு தடவை அவள் தேறினாள். எண்பத்தெட்டில். அப்போது அவளுக்கு ஏழு வயது, எனக்குப் பத்து. அந்த ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் ராணுவ ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சியால் ஊர் அடைத்துக் கிடந்தது. தெருமுனைகளில் மரக்கட்டைகளைக் குறுக்கே போட்டு மறித்திருந்தார்கள். பேக்கரி திறக்கவில்லை, சைக்கிள் வரவில்லை, மால்ட் டப்பா எந்தக் கடையிலும் இல்லை. அப்பா முன்யோசனையாக வாங்கிப் போட்டிருந்த அரிசி மூட்டை மட்டும் இருந்தது. காலையில் கஞ்சி, மதியம் சோறும் மீன் விழுதும், இரவில் மறுபடி கஞ்சி. வெளியே வெடிச்சத்தம் கேட்டால் அம்மா எங்களைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு ஜெபமாலையை எடுப்பாள். அந்தக் கட்டிலுக்கு அடியில்தான் பிலோவுக்குக் கன்னம் வந்தது. நான் கிள்ளிப் பார்த்தது நினைவிருக்கிறது. விரலுக்குச் சதை அகப்பட்டது. கடைகள் திறந்ததும் அம்மா முதல் வேலையாக இரண்டு ரொட்டி வாங்கினாள். "மாதா காப்பாத்திட்டா, இனி நம்மதான் ஒடம்பத் தேத்தணும்" என்றாள். கிறிஸ்துமஸ் வருவதற்குள் கன்னம் போய்விட்டது. பத்து வயதுக்காரிக்கு அதைக் கவனிக்கத் தெரியாதது சரி. ஆனால் பின்னால் லேபில் உட்கார்ந்து காரணம் தேடிய வருஷங்களில்கூட அந்த இரண்டு மாதம் எனக்கு ஒரு தடவையும் ஞாபகத்துக்கு வரவில்லை.

பிலோ பதினெட்டு வயதில் இறந்தாள். ஜனவரியில், நெஞ்சுச் சளி பிடித்து, மூன்று நாளில். அதற்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு அம்மா அவளுக்குப் பிடித்த சனுவின்மகின் செய்திருந்தாள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ரவையைத் தேங்காய்ப்பாலில் கிளறி, மேலே கசகசா தூவி, கீழேயும் மூடி மேலேயும் கரி நெருப்பு வைத்துச் சுடும் பர்மியப் பலகாரம். எங்கள் தெருக் கிறிஸ்தவர்களுக்கு அதுதான் கிறிஸ்துமஸ் கேக். பிலோ இரண்டு துண்டு சாப்பிட்டாள். அவள் இரண்டு துண்டு சாப்பிட்டாள் என்பதை அம்மா அடக்கத்துக்கு வந்த எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸ் முந்தின நாளும், அவள் படுத்திருந்த ஆஸ்பத்திரி வார்டில் இருப்பவர்களுக்கு அவள் பெயரைச் சொல்லி ரொட்டியும் பாலும் கொடுப்பது அம்மாவின் வழக்கமானது.

நான் இத்தாலியின் இந்த டுரின் நகரத்துக்கு வந்தது ஒரு கன்னியர் மடத்தின் உதவியால். பழைய படிப்பையே இங்கே இத்தாலிய மொழியில் மறுபடி படித்து, ஒரு லேபில் சேர்ந்தேன். வந்த முதல் வருஷம் விடுதிச் சாப்பாடு. காலையில் ரொட்டி, மதியம் பாஸ்தா, இரவு பீட்சா, மேஜை மேல் எப்போதும் க்ரிஸ்ஸீனி என்னும் குச்சி ரொட்டி. ஆறு மாதத்தில் பத்துக் கிலோ இறங்கினேன். குளிர், புது ஊர், ஏக்கம் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் சொல்லிக்கொண்டேன். லேபில் சேர்ந்த பிறகு ஒரு நாள் சீலியாக் நோய்க்கான புதிய பரிசோதனைப் பெட்டி ஒன்று லேபுக்கு வந்தது. கோதுமையைக் குடல் ஏற்காமல் புண்ணாகி, தின்பது எதுவும் உடம்பில் ஒட்டாமல் போகும் நோய் அது. பெட்டி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஆரோக்கியமான ஒருவரின் ரத்தம் வேண்டும். எல்லா ஊர் லேபுக்கும் ஒரே புத்திதான். பழக்கத்தில் நான் சட்டைக் கையை மடித்தேன். நோய் உண்டு என்று முடிவு வந்ததும் என்னோடு வேலை செய்யும் பாவ்லா, பெட்டி பழுது என்றாள். மறுபடி செய்தோம். மூன்றாவது தடவை அவளுடைய ரத்தத்தையும் பக்கத்தில் வைத்தோம். அவளுடையது சரியாக இருந்தது. "இனிமேல் உன் ரத்தத்தை நார்மல் என்று யாரும் நம்பமாட்டார்கள், ரீத்தா" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டு, இது ஒன்றும் பெரிய நோய் இல்லை, ரொட்டியை விட்டால் போதும் என்று தோளில் கை வைத்தாள். அப்போது எனக்குக் கட்டிலுக்கு அடியில் கிள்ளிய பிலோவின் கன்னம் ஞாபகம் வந்தது.

சோற்றுக்குப் பதிலாக ரொட்டி. வாரத்தில் மூன்று நாள். பதினெட்டு வருஷம். அம்மாவிடம் இதைச் சொல்வதில்லை என்று அன்றே முடிவு செய்தேன். பிலோ போய்விட்டாள், சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை, அம்மாவுக்கு மிச்சமிருப்பது தன்னால் முடிந்ததையெல்லாம் செய்தோம் என்ற நினைப்பு ஒன்றுதான். என் உடம்பைப் பற்றியும் வயிறு கொஞ்சம் சரியில்லை, இப்போது பரவாயில்லை என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

அதன் பிறகு வந்த கிறிஸ்துமஸ்கள் நன்றாகவே இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு பட்டியலைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தேன். டிசம்பரில் இந்த ஊரில் நான் பயமில்லாமல் சாப்பிடக்கூடியவை. தூண்கள் வரிசையாக நிற்கும் நடைபாதைகளின் ஓரத்தில், ஓட்டைச் சட்டியில் வறுத்துக் காகிதக் கூம்பில் தரும் செஸ்ட்நட் கொட்டை. கையில் பிடித்தாலே குளிர் பாதி போய்விடும். பாலேட்டோடு வரும் கெட்டிச் சாக்லேட். கடலைமாவைக் கரைத்து விறகடுப்பில் சுடும் ஃபாரினாத்தா. முதல் தடவை தின்றபோது நம் ஊர்க் கடலைமாவு டோஃபுவை எண்ணெயில் பொரித்து யாரோ தட்டையாக்கிவிட்ட மாதிரி இருந்தது. தெருவுக்குத் தெரு ஒவ்வொரு மாதிரி விளக்கு போடுவார்கள். ஒரு தெருவில் கோள்கள், ஒரு தெருவில் எண்கள். அரிசிக்கும் இங்கே குறைவில்லை. வசந்தத்தில் ரயிலில் மிலான் போகும் வழியில் தண்ணீர் நிறுத்திய வயல்கள் அரை மணி நேரம் கூடவே வரும். படகில் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள டாலாவுக்குப் போய் இறங்கி, சைக்கிள் ரிக்‌ஷாவில் பார்க்கும் அதே வயல்கள், பின்னால் மட்டும் பனிமலை. கோயிலில்கூட எனக்கென்று ஏற்பாடு உண்டு. நற்கருணை அப்பம் கோதுமையில் செய்வது. என்னைப் போன்றவர்களுக்குக் கோதுமைச் சத்தை அநேகமாக நீக்கிய அப்பத்தைச் சாமியார் ஒரு சின்னச் சிமிழில் தனியாக வைத்திருப்பார். எல்லாரும் வாங்கிப் போன பிறகு கடைசியாக என் முறை வரும்.

மூன்றாவது கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அம்மாவை ஃபோனில் கூப்பிட்டேன். எங்கள் வீட்டில் ஃபோன் கிடையாது. எதிர்வீட்டு டோ மியா என்ற பர்மிய அம்மாளின் வீட்டுக்கு வந்துதான் பேசுவாள். அப்போதுதான் ஆஸ்பத்திரியில் ரொட்டி கொடுத்துவிட்டு வந்திருந்தாள். குரல் களைப்பாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. அண்ணன் அந்தோணியின் மகள் பியூவைப் பற்றிப் பேச்சு வந்தது. அண்ணன் இன்சீன் ரயில் பட்டறையில் வேலை. அண்ணி மா தீரி பர்மியப் பெண், தையல் ஆலைக்குப் போகிறவள். இரண்டு பேரும் காலையில் கிளம்பிவிட்டால் நான்கு வயதுப் பியூ பகல் முழுக்க அம்மாவோடுதான்.

"பியூவுக்குக் கொஞ்சம் ஒடம்பு சரியில்ல புள்ள. வயிறு உப்பிக்கிட்டு, கை காலெல்லாம் குச்சியாட்டம். நம்ம பிலோ சின்னதுல இருப்பாளே, அதே மாதிரிதான்."

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"பூச்சி மருந்து குடுத்தாங்க. நீ ஒண்ணும் கவலப்படாத. நான் இருக்கேன்ல. சோத்தையே நிறுத்திப்புட்டேன். ரொட்டிதான், மால்ட்டுதான். மா தீரி அவ அம்மாக்காரி, பாவம், ரெண்டு வாய் சோறு ஊட்டப் பாக்குறா. நான் விடல. இந்தத் தடவ நான் விடமாட்டேன்."

லைன் சரியில்லை, நாளை மறுநாள் பேசுகிறேன் என்று சொல்லி ஃபோனை வைத்தேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் ஒரு உறையின் பின்பக்கத்தில் எழுதினேன். ஒன்று, அண்ணனிடம் மட்டும் சொல்வது. இரண்டு, மா தீரியிடம் சொல்வது. மூன்று, பங்குச் சாமியாருக்கு எழுதுவது. நான்கு, குழந்தைக்கு ஏதோ ஒவ்வாமை, அவளுக்கு மட்டும்தான் என்று சொல்வது. ஒவ்வொன்றாக அடித்தேன். யாரிடம் சொன்னாலும் பகலில் ஸ்பூன் அம்மாவின் கையில் இருக்கிறது. காரணம் தெரியாமல் அம்மா ரொட்டியை நிறுத்தமாட்டாள். காரணம் தெரிந்தால் அவள் நினைப்பு பிலோவின் சாவில் போய் நிற்கும். முறைப்படி முதலில் குழந்தையின் ரத்தத்தைப் பார்க்க வேண்டும்; கோதுமையை நிறுத்திவிட்டால் பிறகு பரிசோதனையில் ஒன்றும் தெரியாது. ஆனால் எனக்குத் தெரிந்த வரையில் அப்போது நம் ஊரில் அந்தப் பரிசோதனை எந்த லேபிலும் இல்லை. ஒரு பக்கம் அம்மா, இன்னொரு பக்கம் பியூ. உறையில் வேறு வழி எழுத இடம் இருந்தது, எழுத ஒன்றும் இல்லை.

கிறிஸ்துமஸ் அன்று மதியம் பாவ்லாவின் வீட்டில் விருந்து. அவளுடைய அம்மா சிஞ்ஞோரா கார்லா எனக்கென்று புதிதாக ஒரு பாத்திரமும் மரக்கரண்டியும் வாங்கி, அவற்றில் சிவப்பு நூல் கட்டிவைத்திருந்தார். மற்றவர்களுக்கு இறைச்சியை உள்ளே வைத்த அன்யோலோத்தி என்னும் பாஸ்தா. எனக்கு அதே இறைச்சிச் சாற்றில் வேகவைத்த அரிசி, ரிசோத்தோ. சூரைமீன் குழம்பு ஊற்றிய கன்றிறைச்சி, பருப்பு, வேகவைத்த கோழி. எல்லாம் ருசியாக இருந்தது. மேஜையில் ரொட்டித் துணுக்கு என் பக்கம் சிதறாமல் இருக்க என் தட்டைச் சுற்றி ஒரு தனித் துணி விரித்திருந்தார்கள். சிஞ்ஞோரா என் தட்டை இரண்டாவது தடவை நிரப்பிக்கொண்டே கேட்டார்.

"இது குடும்பத்தில் வரும் நோயாமே. உங்கள் வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது?"

"என் தங்கைக்கு" என்றேன். அதுவரை அதை நான் எந்த மொழியிலும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"பர்மாவில் அவள் எப்படிச் சமாளிக்கிறாள்? அங்கே மருந்துக்கடையில் கொடுப்பார்களா?"

"இறந்துவிட்டாள். பதினெட்டு வயதில்."

சிஞ்ஞோரா கரண்டியைக் கீழே வைத்தார். குரலைத் தாழ்த்தி, "சாப்பாடு இல்லாமலா?" என்றார். அவர் மனதில் இருந்த பர்மா எனக்குப் புரிந்தது. ஏழை நாடு, பட்டினி, எலும்பும் தோலுமாகக் குழந்தைகள்.

"இல்லை. ரொட்டி நிறைய இருந்தது" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. என் இத்தாலிய மொழி போதாது என்று நினைத்துக்கொண்டு பாவ்லாவைப் பார்த்தார். பாவ்லா லேபில் வேலை செய்கிறவள், அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் அம்மாவிடம் ஒன்றும் விளக்காமல், மேஜை நடுவில் இருந்த ரொட்டிக் கூடையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அந்தக் கூடை விருந்து முடியும்வரை திரும்பி வரவில்லை. குச்சி ரொட்டி எங்கே என்று யாரோ கேட்டதற்கு, தீர்ந்துவிட்டது என்றாள்.

மறுநாள் டோ மியா வீட்டுக்கு ஃபோன் செய்தபோது அண்ணன்தான் எடுத்தான். விடுமுறையில் இருந்தவன் அம்மாவுக்கு முன்னால் எதிர்வீட்டுக்கு வந்திருந்தான்.

"என்னா லேப் சயாமா, இத்தாலில கேக்கெல்லாம் தீந்துபோச்சா? ரெண்டு நாள்ல மறுபடி ஃபோனு." சயாமா என்றால் டீச்சரம்மா, என்னை அப்படித்தான் கேலி செய்வான்.

சுருக்கமாகச் சொன்னேன். நீயே அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லேன் என்றேன்.

"நானா? அம்மா கையில இருக்கிற ஸ்பூனப் புடுங்குனா, அதே ஸ்பூனால எனக்கு விழும். நீ படிச்சவ, நீ சொல்லு." பிறகு மெதுவாகக் கேட்டான். "அப்ப பிலோவுக்கும் இதுதானா?"

"ஆமாண்ணே."

"அத மட்டும் அம்மாகிட்டச் சொல்லிடாத ரீத்தா."

அம்மா வந்தாள். காகிதமும் பேனாவும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். எதற்கு என்றாள். பியூவுக்குக் கொடுக்கக் கூடாதவை என்று ஒரு பட்டியல் இருக்கிறது, முதலில் கோதுமை என்றேன்.

"ரொட்டிய நிறுத்தச் சொல்றியா? ஒடம்பு சரியில்லாத புள்ளைக்கு? யாரு சொன்னா?"

"இங்க டாக்டர்மாரு சொல்றாங்கம்மா. எனக்கும் அதே வியாதிதான். மூணு வருஷமா."

"மூணு வருஷமா என்கிட்டச் சொல்லல."

"ம்."

"அது எப்படி வருது?"

"ரத்தத்துல வருதும்மா. ஒரு குடும்பத்துல ஒருத்தருக்கு இருந்தா..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினேன். டோ மியா வீட்டு ஜன்னலுக்கு வெளியே மொஹிங்கா என்னும் மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கிறவர் கூவிக்கொண்டு போவது கேட்டது. அந்தக் குரல் தெருமுனையில் தேய்ந்த பிறகுதான் அம்மா கேட்டாள்.

"பிலோவுக்கு?"

"அவளுக்கு வேறம்மா. அவளுக்கு டிபி."

"டிபியா."

"ஆமா."

"சரி" என்றாள். "சொல்லு, எழுதிக்கிறேன்."

கோதுமை, மைதா, ரொட்டி, பிஸ்கட், மால்ட், சேமியா, சோயா சாஸ். ஒவ்வொன்றுக்கும் ம் போட்டுக்கொண்டே வந்தாள். ரவை என்றேன்.

"ரவையுமா?"

"ரவையும் கோதுமதாம்மா."

இந்தத் தடவை ம் வரவில்லை. பிறகு, "அடுத்தது சொல்லு" என்றாள்.

ஃபோனை வைத்து, சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் என் தவறு உறைத்தது. பிலோ சாவதற்கு முந்தின வருஷம் அவள் சளியை டிபிக்காகப் பார்த்தவள் நான். மூன்று நாள், மூன்று தகடு, மூன்றிலும் கிருமி இல்லை. மூன்றாவது நாள் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் பாதி தூரம் ஓடியே வீட்டுக்கு வந்து, "டிபி இல்லம்மா" என்று சொன்னதும் நான்தான். அம்மா உடனே போய் மாதா படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். அந்தச் சாயங்காலத்தை அம்மா மறந்திருக்க வாய்ப்பே இல்லை. கணக்காக எதையும் எழுதிவைக்கும் நான், அம்மாவிடம் சொல்லவே கூடாத ஒரு பொய்யைத் தேடி எடுத்துச் சொல்லியிருந்தேன். அவள் "சரி" என்று சொல்லி அதை வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் ஆகிவிட்டது. பியூ தேறிவிட்டாள். உயரம் கூடியிருக்கிறது, வயிறு தட்டையாகிவிட்டது, பள்ளிக்கூடத்தில் ஒரு பையனைக் கடித்ததாகப் புகார் வந்திருக்கிறது. இதைப் படிப்பவர்கள் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், என்னைப் போல அவசரப்பட்டு நிறுத்திவிடாமல், முதலில் பரிசோதிக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். இதை எழுதியதற்கு அது ஒரு காரணம். அம்மா முன்போல ஃபோனுக்கு வருவதில்லை. கால் வலி, எதிர்வீடு வரைக்கும் நடக்க முடியவில்லை என்று அண்ணன் சொல்கிறான். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு நடந்து போகிறாளாம். வந்து பேசினால் பியூவின் எடையைச் சொல்வாள், என் சாப்பாட்டைக் கேட்பாள், வைத்துவிடுவாள். பிலோவின் பெயர் எங்கள் பேச்சில் அதன் பிறகு வரவில்லை.

போன வாரம் அண்ணன் இன்டர்நெட் கடையிலிருந்து கிறிஸ்துமஸ் படங்கள் அனுப்பியிருந்தான். கூடவே இரண்டு வரி. அம்மா இந்த வருஷம் ஆஸ்பத்திரியில் ரொட்டி கொடுக்கவில்லை. ராத்திரியே ஊறவைத்து, விடியற்காலையில் இரண்டு பானை அரிசிக் கஞ்சி காய்ச்சி எடுத்துப் போனாள். ஏன் என்று கேட்டதற்கு, உன் வேலையைப் பார் என்று சொல்லிவிட்டாள்.

படத்தில் பியூ கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறாள். கன்னம் இருக்கிறது. பக்கத்தில் அம்மா, போன வருஷத்தைவிடத் தலை வெளுத்திருக்கிறது. பின்னால் சமையலறைச் சுவரில், பிலோவின் படத்துக்குக் கீழே ஒரு தாள் ஒட்டியிருந்தது. லேபில் செய்வதைப் போல அந்த இடத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். காலண்டர்த் தாளின் பின்பக்கம். அம்மாவின் மிஷன் பள்ளிக் கையெழுத்து. நான் ஃபோனில் சொன்ன வரிசையிலேயே கோதுமையிலிருந்து ரவைவரைக்கும், அதற்குப் பிறகு சொன்னவையும். மேலே தலைப்பு: "இவங்களுக்குக் குடுக்கக் கூடாது." அதற்குக் கீழே மூன்று பெயர்கள். பிலோமினா, ரீத்தா, பியூ. எல்லாம் ஒரே பேனா, ஒரே நீல மை. வயதுப்படி எழுதியிருந்தால் என் பெயர் முதலில் வந்திருக்க வேண்டும்.

மருந்துக்கடைப் பெட்டியைத் திறந்து பனெத்தோனேயை வெட்டினேன். இந்த வருஷம் கொஞ்சம் உயரமாக வந்திருக்கிறது. செய்முறையை மாற்றியிருக்கிறார்களாம், மருந்தாளர் பெருமையாகச் சொன்னார். ஒரு துண்டை நின்றுகொண்டே சாப்பிட்டேன். இந்தச் சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கும் என் பட்டியலில் பெயர் எதுவும் இல்லை. இங்கே சாப்பிடுகிறவள் நான் ஒருத்திதான், யாருக்கு என்று எழுதிவைக்க வேண்டியதில்லை. இத்தனை வருஷமாக ஒரு கவளமும் நான் சாப்பிடாத அந்தச் சமையலறையில் என் பெயர் இருக்கிறது, இறந்தவளுக்கும் சின்னவளுக்கும் நடுவில்.